ரிக்வேதத்தை எங்கிருந்து தொடங்குவது?

ரிக்வேத மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் மண்டலம் என்ற முதல் பகுதியில் பாதியைக்கூடத் தாண்டுவதில்லை. குறை அவர்களிடம் இல்லை. 1,028 சூக்தங்கள் (பாடல்கள்), பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிக்குகள் (செய்யுள்கள்). தொடர்ச்சியான கதை கிடையாது. யார் பேசுகிறார்கள், எதற்காகப் பேசுகிறார்கள் என்ற விளக்கம் கிடையாது. இந்திரா வா, சோமச் சாறு குடி, பகைவரை அடி, மாடுகளைக் கொடு என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டுக்கொண்டே போனால் நாற்பதாவது சூக்தத்தில் கண் சொருகத்தான் செய்யும். ஒரு மூச்சில் படித்து முடிக்க யாரும் இதைத் தொகுக்கவில்லை.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிற மந்திரங்களிலிருந்து தொடங்குங்கள். கல்யாணத்தில், கோயில் திருமஞ்சனத்தில், கணபதி ஹோமத்தில் காதில் விழுந்தவை பல இந்தத் தொகுப்பிலிருந்து வந்தவைதான். அவை எங்கே இருக்கின்றன என்று தேடிப் போய், அங்கிருந்து அக்கம்பக்கம் பாருங்கள். சமஸ்கிருதம் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பக்தியோடு வருபவருக்கும், கவிதை பிடிக்கும் என்பதால் வருபவருக்கும், சந்தேகத்தோடு வருபவருக்கும் தொடக்கம் ஒன்றுதான்.

முதலில் எது வேதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சமஸ்கிருதத்தில் ஒலிப்பதெல்லாம் வேதம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கேட்கும் வேங்கடேச சுப்ரபாதம் 15ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது. விஷ்ணு சகஸ்ரநாமம் மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் வருகிறது. லலிதா சகஸ்ரநாமம் பிரம்மாண்ட புராணத்தைச் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் மரபில் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் இவை வேதமல்ல. வேதத்தை 'சுருதி' என்பார்கள். மற்றவை ஸ்மிருதி, இதிகாசம், புராணம், ஸ்தோத்திரம் என்று வேறு வகைகள்.

காதை வைத்தே ஓரளவு பிரித்துவிடலாம். ஸ்தோத்திரத்தை விருப்பமான ராகத்தில் பாடலாம், ஆளுக்கு ஆள் மெட்டு மாறும். வேத மந்திரத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. எந்த எழுத்து ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்பது முன்பே தீர்மானமானது. கூட்டமாகச் சொல்லும்போது இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே ஏறி இறங்கும் அந்த ஓசை ஒரு முறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

வேதங்கள் நான்கு. ரிக் என்பது துதிப்பாடல்களின் தொகுப்பு. யஜுர் வேதம் வேள்வியில் சொல்ல வேண்டியதைத் தருகிறது. சாமவேதத்தின் பாட்டுகள் பெரும்பாலும் ரிக்கிலிருந்து எடுத்து இசையமைத்தவை. அதர்வணத்தில் நோய் தீர்ப்பது, பகை விலக்குவது போன்ற வீட்டு விஷயங்கள் அதிகம். தமிழ்நாட்டில் வேதம் ஓதும் குடும்பங்களில் பெரும்பான்மை கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சாகையை, அதாவது கிளையைச் சேர்ந்தவை. அதனால் நம் கோயில்களில் கேட்பது பல நேரங்களில் அந்தச் சாகையின் பாடமாகவே இருக்கும்.

சிவன் கோயிலில் கேட்கும் ஸ்ரீருத்ரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை ரிக்வேதத்தில் தேடினால் கிடைக்காது. தைத்திரீய சம்ஹிதை என்ற மந்திரத் தொகுப்பின் நான்காம் காண்டத்தில் இருக்கிறது. பதினோரு அனுவாகங்கள், அதாவது பகுதிகள். 'நம: சிவாய' வருவது எட்டாவதில். அதைத் தொடர்ந்து சொல்லும் சமகத்தில் நான்காவது அனுவாகத்தை ஒரு முறை பொருளோடு படித்துப் பாருங்கள். நெல், யவம், உளுந்து, எள், பச்சைப்பயறு, கோதுமை என்று வரிசையாக எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகும். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பு வந்தால் தவறில்லை. உழுது சாப்பிட்ட மக்களின் வேண்டுதல் அது.

மூன்று எண் கொண்ட முகவரி

ரிக்வேத மேற்கோள் எங்கே வந்தாலும் 3.62.10 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். மண்டலம், சூக்தம், ரிக் என்று வரிசை. மண்டலங்கள் பத்து. இரண்டு முதல் ஏழு வரை ஒவ்வொன்றும் ஒரு ரிஷி குடும்பத்தின் சொத்து: கிருத்சமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்ரி, பரத்வாஜர், வசிஷ்டர். இவைதான் தொகுப்பின் பழைய கரு என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எட்டில் கண்வர் குடும்பப் பாடல்கள் அதிகம். ஒன்பது முழுக்க சோமத்துக்கு. ஒன்றிலும் பத்திலும் சரியாக 191 சூக்தங்கள் வீதம் உள்ளன. பத்தாவது மொழியளவில் பிந்தியது. புதிதாக வருபவருக்குப் பிடித்த பாட்டுகள் பல அதில்தான் கிடைக்கும்.

குடும்ப மண்டலங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அக்னி பாட்டுகள், அடுத்து இந்திரன் பாட்டுகள், அப்புறம் மற்ற தேவதைகள். ஒவ்வொரு தேவதைக்குள்ளும் அதிக ரிக்குகள் உள்ள சூக்தம் முன்னால், குறைந்தது பின்னால். இது தெரிந்தால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எங்கே நிற்கிறீர்கள் என்று புரிந்துவிடும்.

ஒவ்வொரு சூக்தத்துக்கும் தலையில் மூன்று குறிப்புகள் இருக்கும்: ரிஷி, தேவதை, சந்தஸ் (யாப்பு). ஜபம் தொடங்கும்போது பெரியவர்கள் தலையையும் வாயையும் நெஞ்சையும் தொட்டு முணுமுணுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சொல்வது இந்தக் குறிப்பைத்தான். சந்தஸில் நான்கு தெரிந்தால் போதும். எட்டெழுத்து அடி மூன்று என்றால் காயத்ரி, நான்கு என்றால் அனுஷ்டுப். பதினோரெழுத்து அடி நான்கு திருஷ்டுப், பன்னிரண்டெழுத்து அடி நான்கு ஜகதி. இங்கே எழுத்து என்பது உயிரொலியை வைத்து எண்ணுவது, ஒற்று கணக்கில் வராது.

இப்போது தெரிந்த மூன்று மந்திரங்களைத் தேடுங்கள்.

காயத்ரி மந்திரம் 3.62.10. விசுவாமித்திரர் மண்டலம். அந்தச் சூக்தத்தில் 18 ரிக்குகள், மூன்று மூன்றாக ஆறு தேவதைகளுக்கு. சூரிய தேவனான சவிதாவுக்கான மூன்றில் முதலாவதுதான் கோடிக்கணக்கானவர்கள் தினமும் சொல்லும் மந்திரம். அடுத்த இரண்டும் அதே சவிதாவைப் பற்றியவைதான், யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

'த்ரியம்பகம் யஜாமஹே' 7.59.12. அந்தச் சூக்தம் மருத்துகள் என்ற புயல் தேவர்களுக்கானது, கடைசியில் இந்த ஒரு ரிக் வந்து நிற்கிறது. காம்பிலிருந்து வெள்ளரிப்பழம் கழன்று விழுவதுபோல மரணத்திலிருந்து விடுபட வேண்டும், அமுதத்திலிருந்து அல்ல என்பது வேண்டுதல்.

கணபதி ஹோமத்தில் கேட்கும் 'கணானாம் த்வா கணபதிம்' 2.23.1. ரிக்வேதத்தில் இது மந்திரங்களின் தலைவனான பிரம்மணஸ்பதிக்கு உரியது. கூட்டங்களின் தலைவன் என்ற பொருளில் அவனைக் 'கணபதி' என்கிறார் கிருத்சமதர். யானைமுகத்துப் பிள்ளையார் வழிபாடு பின்னாளில் இந்த மந்திரத்தைத் தனதாக்கிக்கொண்டது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, இந்து மரபு வளர்ந்த விதமே இப்படித்தான். ஒரு மந்திரத்துக்குத் தொகுப்பில் ஓர் இடமும் சடங்கில் வேறோர் இடமும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படிக்க வேண்டிய வரிசை

என் சிபாரிசு இது. ஒரு நாளைக்கு ஒரு சூக்தத்துக்கு மேல் வேண்டாம். படித்ததையே மறுநாள் இன்னொரு முறை படியுங்கள்.

முதல் சூக்தத்தில் தொடங்கலாம், 1.1 மட்டும். ஒன்பது ரிக்குகள், காயத்ரி சந்தஸ். 'அக்னிமீளே புரோஹிதம்' என்று தொடங்குகிறது. வேள்வித் தீயை அழைக்கும் பாட்டு. கடைசி ரிக்கில், மகனுக்கு அப்பா எப்படியோ அப்படி நீ எங்களுக்கு எளிதில் நெருங்கக்கூடியவனாக இரு, எங்கள் நலனுக்காக எங்களோடு இரு என்று முடிகிறது. ரிக்வேதக் கவிஞர்கள் தேவர்களிடம் பேசும் தொனி இதில் தெரிந்துவிடும். பயமும் இருக்கும், உரிமையும் இருக்கும்.

அடுத்து 1.113, வைகறைப் பெண்ணான உஷஸுக்கு. இருபது ரிக்குகளில் பதினொன்றாவதில் நின்றுகொள்ளுங்கள். முன்னே விடிந்த விடியலைப் பார்த்த மனிதர்கள் போய்விட்டார்கள், இப்போது நாம் பார்க்கிறோம், இனிவரும் விடியல்களில் இவளைப் பார்க்கப்போகிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்கிறது அது. இதற்கு உரை எதுவும் தேவையில்லை.

பிறகு 3.33. விசுவாமித்திரர் விபாசு, சுதுத்ரி என்ற இரண்டு ஆறுகளோடு பேசுகிறார். இன்றைக்குப் பஞ்சாபில் பியாஸ், சட்லெஜ் என்று பெயர். கன்றை நக்கும் இரண்டு பசுக்களைப் போல ஓடுகிறீர்கள், தூரத்திலிருந்து வண்டியோடும் தேரோடும் வந்திருக்கிறேன், அச்சுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்படி கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுங்கள் என்று கேட்கிறார். ஆறுகள் பதில் சொல்கின்றன, கடைசியில் ஒத்துக்கொள்கின்றன. நாடகம் மாதிரி மாறி மாறிப் பேசும் இதைச் சம்வாத சூக்தம் என்பார்கள். இதே வகையில் புரூரவஸ் - ஊர்வசி (10.95), யமன் - யமி (10.10) உண்டு. அவை கொஞ்சம் கடினமானவை, பிறகு வைத்துக்கொள்ளலாம்.

7.103 தவளைகளுக்கானது. வசிஷ்டர் மண்டலத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு வருடம் விரதம் காத்த பிராமணரைப்போல மண்ணுக்குள் கிடந்த தவளைகள் மழை விழுந்ததும் குரல் எடுக்கின்றன. ஒன்று மாடு போலக் கத்துகிறது, ஒன்று ஆடு போல. ஒன்று புள்ளி போட்டது, ஒன்று பச்சை. ஒன்று சொன்னதை இன்னொன்று திருப்பிச் சொல்வது, ஆசிரியர் சொன்னதை மாணவன் திருப்பிச் சொல்வது போல இருக்கிறதாம். கேலியா, மழை வேண்டும் மந்திரமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். இரண்டும் ஏன் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. வேதம் கற்பிக்கும் முறைக்கு வேதத்துக்குள்ளேயே இருக்கும் பழைய சாட்சியும் இதுதான்.

10.34 சூதாடியின் புலம்பல். அன்றைக்குப் பகடையாக உருட்டியது தான்றிக்காய். மாமியார் வெறுக்கிறாள், மனைவி விரட்டிவிட்டாள், கடன்பட்டவனுக்கு இரங்குபவர் யாருமில்லை. இருந்தும் காய்கள் உருளும் சத்தம் கேட்டதும் கால் அங்கே போகிறது. கை இல்லாத அவை கை உள்ளவனை வெல்கின்றன, தொட்டால் குளிர்ந்திருந்தும் நெஞ்சை எரிக்கின்றன என்கிறான். கைப்பேசியில் ரம்மி ஆடிச் சம்பளத்தை இழந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதில் ஒரு வரிகூடப் பழையதாகத் தோன்றாது. முடிவுக்கு முந்திய ரிக்கில் நேரடியான அறிவுரை வருகிறது: சூதாடாதே, உன் நிலத்தை உழு.

10.146 காட்டு தேவதை அரண்யானிக்கு, ஆறே ரிக்குகள். மாலையில் காட்டுக்குள் தங்கியவனுக்கு யாரோ மாட்டைக் கூப்பிடுவது போலவும், எங்கோ மரம் வெட்டி விழுவது போலவும், வண்டி முனகுவது போலவும் கேட்கிறது. உழாமலே உணவு நிறைந்தவள் என்று அவளைப் புகழ்ந்து முடிகிறது.

10.85 திருமண சூக்தம், 47 ரிக்குகள். முழுவதும் படிக்க வேண்டாம். 36, 42, 46 மூன்றையும் பாருங்கள். 'நல்வாழ்வுக்காக உன் கையைப் பற்றுகிறேன்' என்பது முப்பத்தாறு, பாணிக்கிரகணத்தின்போது இன்றும் சொல்லப்படுகிறது. நாற்பத்திரண்டில், இங்கேயே இருங்கள், பிரியாதீர்கள், பிள்ளை பேரன்களோடு விளையாடி உங்கள் வீட்டில் மகிழ்ந்திருங்கள் என்ற வாழ்த்து. நாற்பத்தாறில், மாமனாருக்கும் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் மைத்துனருக்கும் நீ அரசியாக இரு என்று மணப்பெண்ணிடம் சொல்கிறார்கள். புகைக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவே இதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது கையில் பொருளை வைத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம் 10.129, நாசதீய சூக்தம். ஏழு ரிக்குகள். அப்போது இல்லாததும் இல்லை, இருப்பதும் இல்லை என்று தொடங்கி, இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போகிறது. தேவர்களே படைப்புக்குப் பின்னால் வந்தவர்கள்தாம், ஆகவே யாருக்குத் தெரியும் என்கிறது. மேலான வானத்திலிருந்து இதைக் கண்காணிப்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்று அதோடு நின்றுவிடுகிறது. நாத்திகருக்கும் ஆத்திகருக்கும் இதில் சம பங்கு உண்டு. ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு வேதம் முழுவதும் தத்துவ விசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சூக்தங்களைப் படிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

10.90 புருஷ சூக்தத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். பெருமாள் கோயில் திருமஞ்சனத்தில் கட்டாயம் கேட்பீர்கள். ரிக்வேதத்தில் 16 ரிக்குகள். நம் ஊரில் சொல்லும் தைத்திரீயப் பாடத்தில் மந்திரங்கள் கூடுதல், வரிசையும் மாறும். ஆயிரம் தலை கொண்ட புருஷனைத் தேவர்கள் வேள்வியில் இட, அவனுடைய மனத்திலிருந்து சந்திரன், கண்ணிலிருந்து சூரியன் என்று உலகம் தோன்றுகிறது. பன்னிரண்டாவது ரிக்கில் வாய், தோள், தொடை, பாதம் என்று நான்கு வருணங்கள் வருகின்றன. ரிக்வேதத்தில் நான்கையும் சேர்த்துச் சொல்லும் இடம் இது ஒன்றுதான், 'சூத்திரன்' என்ற சொல் வருவதும் இங்கே மட்டும்தான். இதைத் தாண்டிக் குதித்து ஓடும் உரைகளும் உண்டு, இதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்காத கட்டுரைகளும் உண்டு. நீங்கள் பதினாறையும் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எந்தப் புத்தகம்

தமிழில் நான்கு வேதங்களையும் ம. ரா. ஜம்புநாதன் மொழிபெயர்த்திருக்கிறார். நடை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பொறுத்துக்கொண்டால் பலன் உண்டு. ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் 19ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் செய்த மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பழைய ஆங்கிலம், பொருளும் பல இடங்களில் இப்போது மாறிவிட்டது. 2014இல் ஸ்டெபனி ஜேமிசனும் ஜோயல் பிரெரெடனும் மூன்று தொகுதிகளாக வெளியிட்டதே இன்றைக்கு நம்பகமானது, ஒவ்வொரு சூக்தத்துக்கும் முன்னுரையோடு. விலை அதிகம், நூலகத்தில் தேடுங்கள்.

மரபு எப்படிப் புரிந்துகொண்டது என்று தெரிய வேண்டுமானால் 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் சாயணர் எழுதிய உரைதான் வழி. அவர் எல்லாவற்றையும் வேள்வியை வைத்தே விளக்குவார். இக்கால ஆய்வாளர்களோடு பல இடங்களில் முரண்படும். ஒரே ரிக்குக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அந்த இடம் இன்னும் தீராதது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

காதால் படிப்பது

இவை எழுதிப் படித்த பாட்டுகள் அல்ல. குறுந்தொகையிலேயே வேதத்துக்கு 'எழுதாக் கற்பு' என்று பெயர். கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

அச்சிட்ட மூலத்தில் எழுத்துக்குக் கீழே படுக்கைக் கோடு இருந்தால் குரல் தாழும், அது அனுதாத்தம். மேலே நிமிர்ந்த கோடு இருந்தால் ஸ்வரிதம், குரல் ஏறும். கோடே இல்லாதது பெரும்பாலும் உதாத்தம், நடுவில் நிற்கும். யஜுர் வேதப் புத்தகங்களில் மேலே இரட்டைக் கோடும் வரும், நீட்டிச் சொல்ல வேண்டிய ஸ்வரிதம் அது. ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு கோடுகளின் மேல் விரல் வைத்துத் தொடருங்கள். 1.1 ஒன்பது ரிக்குகளுக்கு இப்படிச் செய்தாலே காது பழகிவிடும். இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் வேத பாரம்பரிய இணையதளத்தில் பல சாகைகளின் ஒலிப்பதிவுகள் இலவசமாக இருக்கின்றன.

ஸ்வரத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒரு பழங்கதை சொல்வார்கள். இந்திரனைக் கொல்லும் பிள்ளை வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தான். 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் ஸ்வரத்தை இடம் மாற்றிச் சொல்லிவிட்டதால் இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆகிவிட்டது. பிறந்த விருத்திரன் அப்படியே மாண்டான்.

எழுதாமல் இத்தனை காலம் பிழையின்றி வந்தது எப்படி என்பதற்கு விடை பாடமுறைகளில் இருக்கிறது. சொற்கள் சேர்ந்து ஒலிப்பது சம்ஹிதை. பிரித்துத் தனித்தனியாகச் சொல்வது பதம், ரிக்வேதத்துக்குச் சாகல்யர் செய்தது. ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று கோத்துப் போவது கிரமம். 1-2, 2-1, 1-2 என்று முன்னும் பின்னும் போவது ஜடை. 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று போவது கனம். இப்படி முறுக்கிச் சொல்லும்போது ஒரு சொல் தவறினாலும் உடனே தட்டும். கனம்வரை முடித்தவரைத்தான் கனபாடிகள் என்கிறோம். இந்த ஓதல் மரபை யுனெஸ்கோ 2003இல் அறிவித்து, 2008இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்றைய வழிபாட்டில் எங்கே இருக்கிறது

ரிக்வேதத்தில் கோயில் இல்லை, விக்கிரகம் இல்லை. தீ மூட்டி அதில் இட்டால் தேவர்களுக்குப் போய்ச் சேரும். இந்திரனுக்கு ஏறத்தாழ 250 சூக்தங்கள், அக்னிக்கு 200. விஷ்ணுவுக்கும் ருத்திரனுக்கும் விரல்விட்டு எண்ணலாம். இன்றைக்கு இந்திரனுக்குக் கோயில் தேடினால் கிடைப்பதே அரிது. ஆகவே வீட்டுப் பூஜையறையில் உள்ள தெய்வங்களைத் தேடிக்கொண்டு உள்ளே போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆனால் பூஜைகள் மாறியபோதும் மந்திரங்கள் கூடவே வந்தன. திருமஞ்சனம், ஹோமம், உபநயனம், கல்யாணம், ஈமக்கடன் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றுவது மட்டும் வெளியே தெரிகிறது. அன்றைய சடங்கின் உயிர் வேதாரம்பம், அதாவது ஓதலை மறுபடி தொடங்குவது.

தமிழ் வைணவக் கோயில் புறப்பாட்டை ஒரு முறை கவனியுங்கள். பெருமாளுக்கு முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி போகும், பின்னால் வேத கோஷ்டி வரும். திருவாய்மொழியையும் வேதமாகவே கொண்ட மரபு அது. வேதத்துக்கு இங்கே அரச ஆதரவும் இருந்தது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டில் ஒரு கல்லூரி வருகிறது. இளநிலை மாணவர் 270 பேர், அவர்களில் 75 பேர் ரிக்வேதத்துக்கு, 75 பேர் யஜுர் வேதத்துக்கு.

யாரெல்லாம் கேட்கலாம், ஓதலாம் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. பழைய தர்மசூத்திரங்கள் பெரும்பாலான மக்களுக்கு இதை மறுத்தன, தண்டனையும் எழுதி வைத்தன. இன்று அச்சிலும் ஒலிப்பதிவிலும் யாரும் படிக்கலாம், கேட்கலாம். பாரம்பரியப் பாடசாலைகள் பெரும்பாலும் பழைய வரம்பிலேயே இருக்கின்றன. பெண்கள் ஓதுவது பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை, பல ஊர்களில் பெண்கள் குழுவாக ருத்ரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரிக்வேதத்திலேயே கோஷை, அபாலை, லோபாமுத்திரை என்று பெண் ரிஷிகளின் பெயர்கள் இருக்கின்றன. 10.125இல் பேசுவது வாக் என்ற பெண் குரல். சண்டையில் இறங்குவதற்கு முன் அந்த எட்டு ரிக்குகளையும் படித்துவிடுவது நல்லது.

ஓதக் கற்க ஆசை வந்தால்

இணையக் காணொளியைப் பார்த்து ஸ்வரத்தோடு ஓதப் பழகாதீர்கள். கேட்பதற்கு அவை போதும், திருத்துவதற்கு ஆள் வேண்டும். தவறாகப் பதிந்த ஸ்வரத்தை அழித்துப் புதிதாகப் பதிப்பது முதலில் கற்பதைவிடக் கடினம்.

ஆசிரியர் சந்தை சொல்லித் தருவார். அவர் ஒரு முறை சொல்ல, நீங்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் அடியின் துண்டு, அப்புறம் அடி, அப்புறம் முழு ரிக். சேரும்போது அவர் எந்த வேதம், எந்த சாகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் ஆசிரியரை மாற்றினால் பாடம் மாறி நாக்கு குழம்பும். பெரும்பாலும் 'கணானாம் த்வா', சாந்தி மந்திரங்கள், புருஷ சூக்தம், அப்புறம் ருத்ரம் என்று போவார்கள். முழுச் சாகையையும் பாடசாலையில் இருந்து கற்க எட்டு வருடம் போல ஆகும், அது வேறு வாழ்க்கை.

தமிழ் எழுத்தில் அச்சான புத்தகம் வாங்கினால் க, ச, ட, த, ப எழுத்துகளோடு 2, 3, 4 என்ற சின்ன எண்கள் உள்ள பதிப்பாகப் பாருங்கள். எண் இல்லாத பதிப்பில் நான்கு ககரமும் ஒன்றாகிவிடும். ஓரிரு மாதம் செலவழித்துத் தேவநாகரியோ கிரந்தமோ பழகிக்கொள்வது அதைவிட மேல்.

வேதத்தில் விமானம் இருக்கிறது, அணுகுண்டு இருக்கிறது என்று யாராவது அனுப்பினால் மூன்று எண் முகவரியைக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் 1.1 முதல் 10.191 வரைக்குள் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். காலம் பற்றியும் அப்படித்தான். பெரும்பாலான ஆய்வாளர்கள் பொது ஆண்டுக்கு முன் 1500 முதல் 1000 வரையிலான காலத்தைச் சொல்கிறார்கள். வேதத்துக்குப் பொருள் காணும் மீமாம்சை மரபோ இதை யாரும் இயற்றவில்லை, தொடக்கமே இல்லாதது என்கிறது. ஒன்று மொழியை வைத்துப் போட்ட கணக்கு, இன்னொன்று நம்பிக்கையின் நிலைப்பாடு. ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்கப் போகாதீர்கள்.

ரிக்வேதத்தை நேரில் கேட்க வாய்ப்பு வேண்டுமென்றால் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் கடவல்லூர் ராமர் கோயிலில் விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையை ஒட்டி, அன்யோன்யம் என்ற போட்டி நடக்கிறது. திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு பள்ளிகளின் நம்பூதிரிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஓதுவார்கள். எங்கே பிழை வருகிறது என்று எதிர் அணி காது கொடுத்துக் காத்திருக்கும். அவர்கள் ஓசை தமிழ்நாட்டு ஓசையிலிருந்து வேறுபடும், முதல் அரை மணி நேரம் எதுவும் பிடிபடாது. போவதற்கு முன் 1.1ஐயும் 7.103ஐயும் மூலத்தோடு சில முறை கேட்டுவிட்டுப் போங்கள்.